கினுயோ ஒட்டிய நாற்பத்தொரு காகிதங்கள்

ஹமானே நகர மக்கள் மன்றம் பரிசு வாங்கிய கட்டடம். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு, கைப்பிடிகூடக் கிடையாது. எது சுவர், எது கதவு என்பது கட்டியவருக்கே வெளிச்சம். பதினேழு வருடமாக அங்கே துப்புரவு வேலை பார்க்கும் கினுயோ, பாட்டுக் குழுவினரும் தடுப்பூசிக்கு வந்த தாய்மாரும் சுவரில் முட்டிக்கொள்வதைப் பொறுக்க முடியாமல், தடித்த பேனாவால் எழுதி ஒட்டிக்கொண்டே வந்தாள். 'இதுதான் கதவு.' 'இது கதவு இல்லை.' 'குனியுங்கள்.' ஊரே அவள் கையெழுத்தைப் படித்துத்தான் நடமாடியது.

இருபதாவது ஆண்டு விழாவுக்கு அதைக் கட்டிய சைகுசாவே வருகிறார் என்றதும் மேலாளர் ஒகிமோட்டோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அக்கா, சுவத்துல ஒண்ணும் ஒட்டக் கூடாதுன்னு அவரு அப்பவே எழுதி வாங்கிட்டாரு. ஒரு காகிதம் கண்ணுல பட்டாலும் வர்ற மாசம் உங்க வேலைய நான் நீட்டிக்க முடியாது."

"அப்ப கழிவறைக்கு எப்படிப் போவாங்க?"

"ஒரு நாளைக்கு அடக்கிக்கட்டும்."

விழா அன்று காலை கினுயோ நாற்பத்தொன்றையும் உரித்தாள். நாற்பது குப்பைப் பைக்குள் போயின. கடைசியைப் போட மனம் வராமல் சட்டைப் பையில் மடித்து வைத்தாள்.

மேடையேற ஐந்து நிமிடம் இருக்கும்போது சைகுசா பின்பக்க நடையில் ஒவ்வொரு சுவராகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது, முகம் வெளிறியிருந்தது. கினுயோ ஒன்றும் கேட்காமல் மூன்றாவது சுவரைத் தோளால் இடித்துத் திறந்துவிட்டாள். மனிதர் உள்ளே பாய்ந்தார்.

வெளியே வந்தவர் அதே வேகத்தில் மேடைப் படியில் கால் வைத்தார். காலில் கழிவறைக்கென்றே வைத்திருக்கும் பச்சைச் செருப்பு. ஹமானேயில் மழலைப் பள்ளிப் பிள்ளைகூட அதோடு வெளியே வராது. அந்தப் பக்கம் அறுநூறு பேர். வேலை போனால் போகட்டும் என்று கினுயோ அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். ஒகிமோட்டோ ஓடி வந்தார்.

"ஐயா, கால்," என்றாள் கினுயோ.

சைகுசா குனிந்து பார்த்தார். காது சிவந்தது. பெரிய மனிதராயிற்றே, பழியை யார் தலையிலாவது போட வேண்டும்.

"கதவுகிட்ட ரெண்டு எழுத்து எழுதி வைக்கக் கூடாதாம்மா?"

"இருந்துச்சுங்க. நீங்க வர்றீங்கன்னு காலையிலதான் நாப்பத்தொண்ணையும் உரிச்சேன்."

சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். 'செருப்பை மாற்றிவிட்டுப் போங்கள்.' அவர் இரண்டு முறை படித்தார். செருப்பை மாற்றிக்கொண்டு, அவளிடமே ஒட்டுநாடாவை வாங்கி, தன் வெள்ளைச் சுவரில் தானே ஒட்டினார், கோணலாக.

"நான் பேசி முடிக்கிறதுக்குள்ள மத்ததையும் ஒட்டிடுங்கம்மா. நான் வெளிய போகணும்ல."

ஒகிமோட்டோ அதற்குள் குப்பைப் பைக்குள் முழங்கைவரை கைவிட்டிருந்தார்.