கடல் வரைபடமும் கறுப்பு மார்க்கரும்

தொண்ணூறுகளின் நடுவில் நானும் கணவரும் துபாய் அல் குசைஸில் குடியிருந்தோம். துறைமுகங்களில் மணலை வாரி ஆழப்படுத்தும் ஒரு கம்பெனியில் எனக்கு செக்ரட்டரி வேலை. மேனேஜர் டச்சுக்காரர், அதிகம் பேசமாட்டார். அவருடைய அப்பா இறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. வீட்டுச் சுவரில் அப்பா மாட்டி வைத்திருந்த பழைய கடல் வரைபடம் ஒன்றைத் தன் அக்கா பார்சலில் அனுப்புவதாக ஒருநாள் சொன்னார். சொத்தில் வேறு எதுவும் வேண்டாம், அது மட்டும் போதும் என்று கேட்டு வாங்கினாராம்.

அன்று என்ன தோன்றியதோ, அதைப் பற்றி நிறையவே பேசினார். முந்நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. ஆம்ஸ்டர்டாமில் செம்புத் தகட்டில், கண்ணாடியில் தெரிவதுபோல எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்கி அச்சிட்டார்களாம். செய்தவர்களில் பலர் இந்தக் கடல் பக்கம் வந்ததே இல்லை. ஊர் திரும்பிய கப்பல்காரர்களிடம் கேட்டுக் கேட்டு வரைந்தது. கப்பலில் போன பிரதிகளெல்லாம் ஈரத்திலும் உப்பிலும் நைந்துபோனதால், மிஞ்சியவை ரொம்பக் கொஞ்சம்.

பார்சல் வந்து சேர்ந்தபோது மேனேஜர் கடலுக்குள், வேலை நடக்கும் கப்பலில் இருந்தார். இந்த மாதிரி வேலைகளுக்கு அலையும் ஆபீஸ்காரர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். அதனால் பார்சலை எடுத்துவர நான் கிளம்பினேன். கூட வந்தவர் எங்கள் டிரைவர். கீழக்கரைக்காரர், அரபி சரளமாகப் பேசுவார். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

கார்கோ கவுன்ட்டரில் இருந்த கஸ்டம்ஸ் அதிகாரிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பார்சலில் இருந்த அட்டைக் குழாயிலிருந்து வரைபடத்தை உருவி, பாதி விரித்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். வளைகுடாவின் நடுவே லத்தீனில் 'பாரசீக' என்று பெயர் போட்டிருந்தது. அங்கே 'அரேபிய வளைகுடா' என்றுதான் சொல்ல வேண்டும். மற்றப் பெயரோடு அட்லஸ், புத்தகம் எது வந்தாலும் அதை மறைத்துத்தான் வெளியே விடுவார்கள். அவர் பக்கத்தில் பள்ளிக்கூட அட்லஸ்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. காலையிலிருந்து அந்த வேலைதான் செய்துகொண்டிருந்தார் போல. அதே கறுப்பு மார்க்கரை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"விட்டுருங்க தங்கச்சி, ஒரு வார்த்தையைத்தானே அடிக்கப்போறாரு. எதுத்துப் பேசினா வம்பாப் போயிரும்" என்றார் பாய் மெதுவாக.

நான் பாய் பக்கம் திரும்பினேன். "பாய், மை போட வேணாம்னு சொல்லுங்க. கூடாதுன்னா வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிடட்டும்."

"மேனேஜர் கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். அவர் எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். என்னைக் கேட்காமல் எப்படித் திருப்பி அனுப்பினாய் என்று கேட்கலாம். ஆனால் திரும்பிப் போன பார்சலை இன்னொரு முறை வரவழைக்கலாம். அந்த மையை என்ன செய்தாலும் எடுக்க முடியாது.

பாய் சொன்னதைக் கேட்டு அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் மேனேஜருடைய அப்பாவின் வரைபடம், அப்பா இப்போது இல்லை என்றேன். அவர் மார்க்கரை மூடி வைத்தார்.

பிறகு மேஜையை ஒழித்து, மூலைகளில் கனத்துக்கு எதையெதையோ வைத்து, வரைபடத்தை முழுசாக விரித்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். கரையோரம் முழுக்க வெளிறிய பச்சை. கடலில் குட்டிக் கப்பல்கள். அவர் வளைகுடாவின் தென்கரையில் விரலைத் தாளில் படாமல் நகர்த்திக்கொண்டே போய், "இது என்ன?" என்றார். பழங்காலத்து எழுத்து. நான் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். பாய் அதைத் திருப்பிச் சொன்னார். மூன்றாவது தடவை அதிகாரியே சொன்னார்: "ஜுல்ஃபார்."

ராஸ் அல் கைமாவின் பழைய பெயர் அது. அவருடைய ஊர்.

உள்ளேயிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். கரை கோணலாக இருக்கிறதே என்று ஒருவர் சிரித்தார். வரைந்தவர் இங்கே வந்ததே இல்லையாம் என்று பாய் மூலமாகச் சொன்னேன். "வராதவனுக்கு எங்க ஊர்ப் பேர் தெரிஞ்சிருக்கே" என்றாராம் அதிகாரி.

எங்களை உட்காரச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. பாய் இரண்டு தடவை வெளியே போய் சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். கடைசியில் அதிகாரி ஒரு நீளமான வெள்ளைத் தாள் பட்டையோடு வந்தார். அதில் சீல் ஏற்கனவே குத்தியிருந்தது. அந்தப் பெயரை மறைக்கிற மாதிரி வரைபடத்துக்கு பெல்ட் போலச் சுற்றி, முனைகளைப் பின்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டினார். வரைபடத்தில் ஒரு துளி பசைகூடப் படவில்லை.

பாயிடம் ஏதோ சொன்னார். பாய் என்னிடம் சொன்னார்: "மறைக்கணும்னுதான் உத்தரவாம். மை போட்டு மறைக்கணும்னு யாரும் சொல்லலையாம். பெரியவர்கிட்ட கேட்டுட்டு வந்திருக்காரு."

நன்றி சொன்னேன். தலையை அசைத்துவிட்டு அடுத்த அட்லஸை எடுத்தார்.

மேனேஜர் கரைக்கு வந்ததும் நடந்ததை அப்படியே சொன்னேன். பட்டையைக் கத்தரிக்கக் கத்தரிக்கோல் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். சீலோடு, பட்டையோடு அப்படியே ஃப்ரேம் போட்டு ஆபீஸில் மாட்டினார். வருகிறவர்கள் வரைபடத்தைவிட அந்தப் பட்டையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். அவரும் அலுக்காமல் சொல்வார்.

இப்போது திருச்சியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். யாராவது ஒரு உதவி கேட்டு வந்து நிற்கும்போது, "அதுக்கு ரூல் இல்லீங்க" என்று சொல்ல வாய் வரை வந்துவிடும். அப்போதெல்லாம், பெயர்கூடத் தெரியாத அந்த அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போனது நினைவுக்கு வரும். நானும் எழுந்து போய், வேறு வழி இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வருகிறேன்.