செதில் ஒட்டிய சென்சார்

தையல் யூனிட்டில் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பள்ளித் தோழி நந்தினி போன் செய்தாள். "ஸ்டெல்லா அக்கா பூட்டாங்கடி," என்றாள். ஒரு வாரம் காமாலையில் கிடந்து இறந்துவிட்டாராம். பத்தாவதோடு நின்றுவிட்ட எனக்குப் பள்ளிச் செய்திகள் தாமதமாகத்தான் வரும்.

திருவொற்றியூர்ப் பள்ளியில் எங்களோடு படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். லேப் உதவியாளர். பார்வையிட யாராவது வந்தால் மட்டும் திறக்கும் பீரோவில் எலக்ட்ரானிக்ஸ் பெட்டிகள் பூட்டிக் கிடந்தன. "பூட்டி வெச்சா உப்புக் காத்துலயே துருப்புடிச்சிடும் டீச்சர்" என்று தலைமையாசிரியையிடம் பேசி, சாவியை எங்களுக்காக வாங்கியவர் அவர்.

எது கெட்டாலும் அக்கா எறிய மாட்டார். சுவரில் ஒரு பெரிய அட்டை. அதில் கெட்ட பொருளை ஒட்டி, கெடுத்தவர் பெயரையும் கெட்ட விதத்தையும் எழுதச் சொல்வார். முதல் பெயர் அவருடையது. சின்ன எல்.இ.டி. ஒன்றை நேராக ஒன்பது வோல்ட் பேட்டரியில் கொடுத்து எரித்திருந்தார்.

ஒன்பதாவதில், சூடு ஏறினால் சத்தம் போடும் சென்சார் ஒன்றைச் செய்தேன். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். ஐஸ் உருகுவது முன்பே தெரிந்தால் நல்லது என்று, யாரிடமும் கேட்காமல் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். காலையில் உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. துடைத்து, சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிட்டேன்.

அக்கா அதைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாடி இது, செதில் ஒட்டிக்கினு கீது? நம்ம லேபுக்குள்ள மீன் நீந்திக்கினு வந்துச்சா?" வகுப்பே சிரித்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை.

"யாருன்னு கேக்கல. எப்டி கெட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்து செய்யறவளுக்கு வேணும்."

வகுப்பு கலைந்ததும் ஒரு துண்டுத் தாளில் 'ஐஸ் பெட்டியில் மூடாமல் வைத்தது' என்று எழுதி மேசையில் போட்டுவிட்டு ஓடினேன். தலைமையாசிரியை கேட்டபோது, "என் பொறுப்புல இருந்துச்சு டீச்சர்" என்று அக்கா விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கதவருகே நின்று கேட்டேன். நான்தான் என்று சொல்லாமல் வகுப்புக்குத் திரும்பினேன். அட்டையில் என் தாளை ஒட்டி, பெயருக்கு இடம் விட்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் சாதாரணமாகவே பேசினார்.

இப்போது யூனிட்டில் துணியைத் தப்பாக வெட்டிவிட்டால், சூப்பர்வைசர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். எப்படித் தப்பானது என்பதையும் சொல்கிறேன். சென்சாரைக் கெடுத்தது நான்தான் என்று அக்காவிடம் சொல்வதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் பள்ளிக்குப் போனேன். அட்டை அப்படியே இருந்தது. என் தாளுக்குக் கீழே எனக்குத் தெரியாத ஒரு பெண், அதே மாதிரி சென்சாரைப் பலூனுக்குள் கட்டி ஐஸில் வைத்ததாக எழுதியிருந்தாள். பக்கத்தில் அக்காவின் கையெழுத்து: 'வேலை செய்கிறது. மேலே எழுதியவளுக்கு நன்றி.'

பேனா கேட்டு வாங்கி, காலியாக இருந்த இடத்தில் எழுதினேன்: கலைவாணி, ஒன்பதாம் வகுப்பு.