திருகாணி முந்திக்கொண்ட பதில்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பதுதான் அவள் பிழைப்பு. மனசு கிடந்தது வேறிடத்தில். இருசக்கர வண்டிக்காரர்கள் கூடிப் பேசும் இணையக் களம் ஒன்றில் அவளுக்குப் பெயர் ‘திருகாணி’. அங்கே ஒருவர் சந்தேகம் கேட்பார், பலர் பதில் எழுதுவார்கள், பிடித்த பதிலுக்கு மற்றவர்கள் புள்ளி போடுவார்கள். புள்ளி சேரச் சேரப் பதிலும் மேலே ஏறும், எழுதியவர் பெயரும் ஏறும். திருகாணிக்கு இரண்டாம் இடம். முதலிடத்தில் ‘பழைய எஞ்சின்’ என்று ஒருவர் வருஷக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் அவளை ஆண் என்று நினைத்து ‘அண்ணே’ போட்டார்கள். அவளும் திருத்தவில்லை. தேய்க்கும் சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, ஈரக்கையைத் துடைத்துத் துடைத்துக் கைபேசியைப் பார்ப்பாள். வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தாலும் அதே கதைதான். புருஷன் சொல்லி அலுத்துவிட்டான்.

ஒரு மதியம் ஒரு பெண் கேட்டிருந்தாள். ஸ்கூட்டரின் முன்பிரேக் கைப்பிடி வரைக்கும் அமுங்கிவிடுகிறது, சாயந்தரம் அம்மாவை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்க வேண்டும், போகலாமா? பழைய எஞ்சின் வந்துவிடுவாரே என்ற பதைப்பில், கேள்வியை முழுசாகக்கூடப் படிக்காமல் இவள் தட்டினாள். பிரேக் குழாயில் காற்று புகுந்திருக்கும், நாலு தடவை அமுக்கிவிட்டால் சரியாகிவிடும், தைரியமாகப் போங்கள்.

புள்ளிகள் மளமளவென்று விழுந்தன. ஆற அமர வந்த பழைய எஞ்சின், சக்கரத்து ஓரம் பிசுபிசுப்பு என்று கடைசி வரியில் இருக்கிறதே, பிரேக் ஆயில் கசிகிறது, வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள் என்று எழுதினார். அந்தப் பதில் அடியில் கிடந்தது.

அவள் ஓடிப்போய்க் கேள்வியின் கடைசி வரியைப் படித்தாள். தான் சொன்னது தப்பு, கீழே இருப்பதைப் படியுங்கள் என்று தன் பதிலின் தலையிலேயே எழுதினாள். தப்பை ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் அண்ணே என்று புகழ்ந்து மேலும் புள்ளி போட்டார்கள். பதில் இன்னும் உயரப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை அழித்தாள். வந்த புள்ளியெல்லாம் போய் மூன்றாம் இடத்துக்கு இறங்கினாள்.

கேட்டவளிடமிருந்து மட்டும் பேச்சு மூச்சில்லை. தனிச் செய்தி அனுப்பினாள், மறுபடி அனுப்பினாள். வலக்கண் லென்ஸை இடக்கண் அளவுக்குத் தேய்த்து வைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தவளைப் புருஷன் நிறுத்தினான்.

“புள்ளி போனதுக்கா இவ்வளவு?”

“புள்ளி கிடக்குது. அந்தப் பொண்ணு வண்டிய எடுத்துட்டாளான்னு தெரியலயே.”

 அவனும் பக்கத்தில் வந்து நின்று அவளுடைய கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விளக்கேற்றும் நேரம் தாண்டித்தான் பதில் வந்தது.

“பஸ்லதான் போனோம் அண்ணே. நான் எப்பவும் கீழ இருந்துதான் படிப்பேன். மேல இருக்கறவங்க அவசரக்காரங்க.”

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கூடவே சுருக்கென்றும் தைத்தது.

மறுநாள் யாரோ செயின் சத்தம் பற்றிக் கேட்டிருந்தார்கள். கடைசி வரி வரைக்கும் இரண்டு தரம் படித்தாள். அதற்குள் மூன்று பேர் பதில் போட்டுவிட்டார்கள். கை துறுதுறுத்தது, எரிச்சலாகவும் இருந்தது. தேய்க்கும் சக்கரத்தை நிறுத்திவிட்டு, நாலாவது ஆளாக எழுத ஆரம்பித்தாள்.