தாரை வார்த்த கை

தொலைபேசி பின்னேரம் ஐந்து இருபதுக்கு அடித்தது. தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஆடி மாதம். கனடாவில் இருந்த மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்துவிட்டது. ஆறு கிழமையில் கொழும்பு வெள்ளவத்தையில் மகள் சுகந்தினிக்குக் கல்யாணம். ஜெகதீஸ்வரி ரிசீவரை வைக்க மறந்து அழுதார், பிறகு சிரித்தார். கட்டிலில் கிடந்த அவருடைய கணவர் தில்லைநாதன் எழும்பப் பார்த்து, முடியாமல் தலையணையில் சரிந்தார். வழுக்கைத் தலை, ஓய்வுபெற்ற தபால் கந்தோர்க்காரர். பாரிசவாதம் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வலக்கை இன்னும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போலத்தான் கிடந்தது.

அந்த நேரத்தில் அவருடைய முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தவள் பத்மாவதி.

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். பத்து வயதில் அப்பாவோடு கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். மகள் பிசியோதெரபி படித்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். நாலு மணிக்குப் பிறகு பஸ் ஏறி, நோயாளிகளின் வீடுகளுக்குப் போவாள்.

ஆஸ்பத்திரிப் படிவத்தோடுதான் முதல் நாள் தில்லைநாதன் வீட்டுக்கும் போனாள். நோயாளியால் என்னென்ன முடியும் என்று புள்ளி போடுகிற படிவம்.

“தலை வாருவீங்களா ஐயா?”

“இருபது வருஷமா வாரேல்லைப் பிள்ளை. அதுக்கும் பாரிசவாதத்துக்கும் சம்பந்தமில்லை.”

கரண்டியால் சாப்பிடுவாரா என்றது அடுத்த கேள்வி. அந்த வீட்டில் கரண்டி கறிச்சட்டிக்கு மட்டுந்தான். இடக்கையால் சாப்பிட மாட்டேன் என்று அவர் பிடிவாதமாய் இருந்ததால் மனைவி ஊட்டிவிட்டார். படிவப்படி அதற்குச் சைபர். பத்மாவதி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் தானே எழுதினாள்: சோறு குழைத்தல், இடுப்பில் சாரம் கட்டுதல், மூன்று விரலால் திருநீறு பூசுதல்.

இப்போது கல்யாணச் செய்தி வந்ததும் அவர் நாலாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்.

“என்ர பிள்ளையை என்ர வலக்கையாலதான் தாரை வார்த்துக் குடுக்கவேணும்.”

அவருடைய அண்ணர் சிவானந்தன் அடுத்த நாளே வந்து, “நான் இருக்கிறன்தானே, நீ பேசாமல் கதிரையில இரு” என்றார். அன்று தில்லைநாதன் சாப்பிடவில்லை.

பத்மாவதி ஒரு பித்தளைச் செம்பைக் கொண்டுவந்தாள். முதலில் வெறும் செம்பு, பிறகு கால் செம்புத் தண்ணீர், பிறகு அரைச் செம்பு. பிடிப்பது, தூக்குவது, சரிப்பது. சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரன் முதல் நாள் பையைத் திறந்து செம்பைத் தட்டிப் பார்த்தான். அவள் சிங்களத்தில் கதை முழுவதையும் சொன்னாள். அதன் பிறகு பையைத் திறக்காமலே, “சீயாகே அத்த கொஹொமத?” என்று கிழவரின் கையைச் சுகம் விசாரித்தான்.

ஐந்தாம் கிழமை, நிறைசெம்புத் தண்ணீரைத் தில்லைநாதன் ஒரு துளி சிந்தாமல் வாளிக்குள் வார்த்தார். பத்மாவதி நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“வடிவாத்தான் வார்க்கிறார்” என்றார் ஜெகதீஸ்வரி. “ஆனா தண்ணி வார்க்கிறது நானெல்லோ?”

“அப்ப ஐயா?”

“இவர் பிள்ளையின்ர கையை மாப்பிள்ளையின்ர கையில பிடிச்சு வைக்கவேணும். நான் தண்ணி வார்க்கவேணும். பிறகு இவர் விடவேணும்.”

பத்மாவதி கிட்ட நின்று பார்த்தது ஒரேயொரு தாரைவார்ப்பு, அக்காவுடையது. அம்மா இல்லாததால் அப்பாவே தண்ணீரும் வார்த்தார். வார்ப்பது என்றால் வார்ப்பது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

“ஏன் ஐயா சொல்லல?”

“நீர் செம்பைத் தந்தீர். பயிற்சிக்கெண்டு நினைச்சன்.”

அவள் செம்பை வாங்கப் போனாள். கை விடவில்லை. ஐந்து கிழமையாகப் பிடிக்க மட்டுமே பழகிய கை. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

விரலைப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும். மூச்சை விட்டு, மணிக்கட்டைக் கீழே மடக்கினால் விரல்கள் தாமாக அவிழும். அதை மகள் சுகந்தினியின் கையை வைத்தும் மனைவியின் கையை வைத்தும் பழக்கினாள். ஒருநாள் மனைவியின் கையைப் பிடித்தவர் கால் மணித்தியாலம் விடவில்லை.

“முப்பது வருஷத்தில இவ்வளவு நேரம் என்ர கையைப் பிடிச்சிருக்கிறியளே?” என்றார் ஜெகதீஸ்வரி.

“அப்ப இந்தப் பாரிசவாத வருத்தம் வரேல்லை” என்றார் அவர்.

கல்யாண மண்டபத்தில் ஐயர் மந்திரம் சொன்னார். தில்லைநாதன் வலக்கையால் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். ஜெகதீஸ்வரி தண்ணீர் வார்த்து முடித்தார். கை விடவில்லை. மேளகாரர் நாதஸ்வரக்காரரைப் பார்த்தார். சனம் நெளிந்தது.

“மாமா, பதினாறாம் திகதி பிளைட்” என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

சிவானந்தன் விரல்களைப் பிரிக்கக் குனிந்தார். மூன்றாம் வரிசையிலிருந்து பத்மாவதி எழுந்து வந்துவிட்டாள்.

“தொடாதீங்க பெரியவரே.” பிறகு தில்லைநாதனிடம், “மூச்சு விடுங்கய்யா. மணிக்கட்டு.”

அவர் மூச்சு விட்டார். மணிக்கட்டு தாழ்ந்தது. சுண்டுவிரல் முதலில் அவிழ்ந்தது, பிறகு மற்றவை ஒன்றொன்றாக. சுகந்தினி அழுதுகொண்டே சிரித்தாள். மேளம் காதைப் பிளந்தது. விருந்தில் அவர் தானே சோறு குழைத்துச் சாப்பிட்டார். பாதி சால்வையில் விழுந்தது, யாரும் ஊட்ட அவர் விடவில்லை.

அதற்குப் பிறகு பத்மாவதி உயிரோடு இருந்த பதினொரு வருஷமும், எந்த நோயாளியிடமும் “என்ன செய்யணும்?” என்று மட்டும் கேட்டு நிறுத்தியதில்லை. “செஞ்சு காட்டுங்க” என்பாள்.

கல்யாணம் முடிந்து படங்கள் கழுவி வந்த அன்று அவளும் அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். தில்லைநாதன் ஒரு படத்தைத் தெரிந்தெடுத்து, அதன் பின்பக்கத்தில் வலக்கையால் அவள் பெயரை எழுதத் தொடங்கினார். மூன்று எழுத்துக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. அதற்குள் தேத்தண்ணி வந்தது. பேனையை மேசையில் வைத்துவிட்டு அதே கையால் கோப்பையை எடுத்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று பத்மாவதி படத்தை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டாள். அதில் ‘பத்மா’ வரைக்கும்தான் இருக்கிறது.