ஆட்டோவைத் தள்ளியது யார்?

பதுளையில் எங்கே போனாலும், என் சிறுவர் கதைகளைப் படித்த டீச்சர் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "இதெல்லாம் எப்படிங்க யோசிக்கிறீங்க?" உள்ளதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நான் எதையும் யோசிக்கவில்லை. ஒரு ஆட்டோ தானாக மேடு ஏறியது, அவ்வளவுதான்.

என் மகளுக்கு உடம்பில் இரத்தம் போதுமான அளவு ஊறாது. பிறவியிலேயே வந்தது. மாதாமாதம் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தம் ஏற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் முகம் வெளுத்துவிடும், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருக்கிற லயத்து வீட்டு வாசலிலிருந்து குழாயடி வரை நடக்கவே மூச்சு வாங்கும். தவறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது ஊசி மட்டும்தான்.

போகிற நாள் விடிந்தாலே வீடு ரெண்டுபடும். கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். இழுத்தால் கையைக் கடிப்பாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அவள் அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை. போனில், "பிள்ளைய அடிச்சிராத" என்பார். அங்கே இருந்துகொண்டு சொல்வதற்கு என்ன, யாரும் சொல்லலாம்.

பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர்தான் தன் ஆட்டோவில் எங்களை ஹாலிஎல வழியாகக் கூட்டிப்போவார். பெட்ரோலுக்கு வரிசையில் நாள்கணக்கில் நின்ற காலத்தில் தொற்றிய பழக்கம், இறக்கம் வந்தால் இன்ஜினை நிறுத்திவிடுவார். ஒரு மாதம் அப்படிப் போகும்போதும் தோட்டத்து ரோட்டில், கோயிலைத் தாண்டிய இறக்கத்தில் நிறுத்தினார். இறக்கம் முடிந்து, யூகலிப்டஸ் மரங்கள் நிற்கிற வளைவில் மேடு தொடங்கியது. பின்னால் இவள் போட்ட கூச்சலில் மனுஷன் இன்ஜினை மறந்தே போனார். ஆனால் ஆட்டோ நிற்கவில்லை. மெதுவாக, தன் பாட்டுக்கு, மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஐயையோ தங்கச்சி, நான் ஸ்டார்ட்டே பண்ணல!"

பிரேக்கை மிதித்து நிறுத்தினார். காலை எடுத்ததும் ஆட்டோ மறுபடியும் மேலே போனது. மகள் காலையிலிருந்து முதல் தடவையாக வாயை மூடினாள்.

"அம்மா, யாரு தள்ளுறா?"

எனக்கு என்ன தெரியும்? "எட்டிப் பாக்காத. பாத்தா ஓடிருவாங்க" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

ஆஸ்பத்திரி வாசல் வரை அதே கேள்விதான். முள்ளம்பன்றி என்றேன். "முள்ளு குத்தி டயர் வெடிக்காதா?" என்றாள். சரி, பனி என்றேன். ஒத்துக்கொண்டாள். அன்று ஊசி குத்தும்போதும் பனிக்குக் கை இருக்குமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் கதையில் பனிக்காரர்களுக்குப் பெரட்டும் வந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பார்களே, அது. பனிக் கங்காணி எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, "இன்னைக்கு ஆட்டோ தள்ள யாரு?" என்பார். பிந்தி வந்த பனிக்கு அரைநாள் பேர்தான் போடுவார், அரைச் சம்பளம்தான் கிடைக்கும். "பாவம்மா, முழுப்பேர் போடச் சொல்லு" என்று மகள் என்னோடு சண்டைக்கு வருவாள்.

திரும்பி வரும்போது அதே இடம் இறக்கமாகத் தெரியும். ஆனால் அண்ணன் ஆக்சிலேட்டரை முறுக்கினால்தான் ஆட்டோ நகரும். என்னைவிட இவள்தான் அதை முதலில் கவனித்தாள். காரணமும் அவளே சொன்னாள்.

"எனக்குப் போகப் பிடிக்காதுல்ல, அதான் போகும்போது தள்ளுறாங்க. வீட்டுக்கு நானே வருவேன்ல."

நான் அசந்து போனேன். என் முதல் கதை அதுதான். அதற்குப் பிறகு எழுதியதிலும் பாதி அவள் ஆட்டோவில் சொன்னது. வீட்டில் பேனாவும் கையுமாக உட்கார்ந்தால் எனக்குப் புத்திமதி சொல்லத்தான் வருகிறது. பல் விளக்கு, பொய் சொல்லாதே, சண்டை போடாதே. எந்தப் பிள்ளை அதைப் படிக்கும்? போகிற வழியில் எனக்கே விளங்காத ஒன்று எதிரே வந்தால்தான் நானும் அவளும் ஒரே வயதாகிறோம். இருவருக்குமே பதில் தெரியாது, அதனால் பேச்சு நிற்காமல் ஓடும்.

இப்படியே ரெண்டு வருஷம் போனது. ஒரு நாள் அந்த வளைவில் ரோட்டை அகலமாக்குவதற்கு அளந்துகொண்டிருந்தார்கள். மூன்று கால் மெஷினோடு நின்ற சர்வேயர் எங்கள் ஆட்டோவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார். இவள் சும்மா இருப்பாளா?

"அங்கிள், இங்க ஆட்டோவ பனி தள்ளும், தெரியுமா?"

அவர் சிரித்தார். "பனியுமில்ல, பேயுமில்ல பாப்பா. மெஷின்ல அளந்தாச்சு, இதுவும் இறக்கம்தான். முன்னுக்கு வந்தது பெரிய இறக்கம், இது சின்ன இறக்கம். மரமெல்லாம் சாஞ்சு நிக்குது. அதான் கண்ணுக்கு மேடாத் தெரியுது."

அவர்மேல் குறையில்லை, உண்மையைத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மெஷினைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்திருப்பேன். மகள் சாய்ந்த மரங்களையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வார்டில் பனியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் நெருங்க நெருங்க எனக்கு அதே யோசனைதான். இனி என்ன சொல்லி இவளை ஆட்டோவில் ஏற்றுவேன்? கதவு நிலை, கடி, கூச்சல் எல்லாம் திரும்பி வந்தால் என்ன செய்வேன்? மண்டையைப் போட்டு உடைத்தும் புதுக் கதை ஒன்றும் வரவில்லை.

போகிற நாள் காலையில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து அடம் பிடிக்காமல் ஆட்டோவில் ஏறினாள். எனக்கு வாயைத் திறக்கவே பயம். வளைவு வந்தது.

"மாமா, இன்ஜின நிப்பாட்டுங்க."

அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நிறுத்தினார். ஆட்டோ எப்போதும்போல ஏறியது. இத்தனை நாள் நான் பார்க்கக் கூடாது என்று சொல்லி வைத்ததை இவள் செய்தாள். தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தாள். ரோட்டில் ஒருவரும் இல்லை.

"யாருமே தள்ளலல்லம்மா?"

"இல்லடி." இனி மறைத்து என்ன?

தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அப்ப இவ்வளவு நாளும் நானாதான் வந்தேனா?"

"ஆமாடி தங்கம். நீயாதான் வந்த."

அவள் ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் நிறைய தூரம் இருந்தது.