மருந்தடித்த ரோசா

ஆலங்குடாவில் எங்கள் வீட்டு முற்றத்துக்கு ரோசா வாங்கப் போனபோது, பக்கத்து வீட்டு நசீமா ராத்தாவும் கூட வந்தார். "இந்த உப்புக் காத்துக்கு நாட்டு ரோசாதான் சரி தங்கச்சி. பெரிய பூ ரோசாவுக்கு மருந்தடிச்சே களைச்சுப் போவீங்க" என்றார். நான் கேட்கவில்லை. கையகலப் பூவில் மயங்கி ஒட்டுச் செடியையே வாங்கினேன்.

ராத்தா சொன்னபடியே இலையில் பூச்சி விழுந்தது. ஒருநாள் காலை மருந்தடித்துவிட்டுக் கை கழுவி வந்தால், மூன்று வயது மகள் சுமையா செடியடியில் நிற்கிறாள். வாயில் சிவப்பு இதழ்.

"உம்மா, கசக்குது."

என் அலறல் கேட்டு ஓடி வந்த ராத்தாதான் அவள் வாயைக் கழுவி, மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு எங்களை ஓட்டோவில் ஏற்றினார். மகளின் மூக்கருகே விரல் வைத்து, மூச்சு வருகிறதா என்று வழி முழுக்கப் பார்த்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் பின்னேரம் வரை வைத்திருந்தார்கள். "விழுங்க இல்ல, பயப்படாதீங்க" என்று டொக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

ராத்தா ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. மறுநாள் அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டு, அவர் தந்த நாட்டு ரோசாக் கம்பை நட்டேன். சின்னப் பூதான், மருந்தே தேவையில்லை. ஆனாலும் சுமையா அதைத் தொடும்போதெல்லாம், நான் முதலில் பார்ப்பது அவள் வாயைத்தான்.