ஸ்கூல் லீவு வரட்டும்

பழைய வேனில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவளுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். வெள்ளவத்தைக் கடற்கரை ஒழுங்கைகளில் பிள்ளைகளை ஏற்றி, கொழும்பின் காலி வீதியால் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்குவது என் வேலை. பிள்ளைகளுக்கு நான் ‘வேன் அன்ரி’. வேனுக்கும் எனக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை. புதிதாக ஒன்று வாங்கலாமே என்கிறவர்கள் இன்றைய விலையை விசாரிக்காதவர்கள். நீங்களும் பழைய வண்டிக்காரர் என்றால், ஊரே பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டும்போது நாம் மட்டும் ஏன் ரேடியோவை நிறுத்திவிட்டு ஓட்டுகிறோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடகட

ஒரு கிழமையாகப் பின்பக்கம் ‘கடகட’ என்று சத்தம். வளைவில் கேட்கும், நேர் ரோட்டில் கேட்காது. சில்லு கழன்று தனியாக ஓடுவது போலக் கனவெல்லாம் வந்தது. காலை ட்ரிப் முடிந்த கையோடு கிராண்ட்பாஸில் நவ்ஷாட் நானாவின் கராஜுக்கு ஓடினேன். என் வேனின் உள்வீடு வெளிவீடு எல்லாம் தெரிந்த மெக்கானிக் அவர்.

சில்லைக் கழற்றினார், பூட்டினார், கீழே படுத்துப் பார்த்தார். பிறகு எழும்பிப் பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு தகரப் பெட்டியை இழுத்தெடுத்தார். உள்ளே கணக்குப் பாடத்துக் கொம்பாசு ஒன்றும், பிள்ளைகள் உருட்டி விளையாடும் நாலைந்து போளையும். “வேனுக்கு ஒண்டும் இல்ல தங்கச்சி, உங்களத்தான் செக் பண்ணோணும்.”

ஹீற்றர்

பம்பலப்பிட்டியில் வாகனங்கள் அசையவில்லை. என் கண் ரோட்டில் இல்லை, டெம்பரேச்சர் முள்ளில் இருந்தது. அது சிவப்பை நோக்கி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சின் சூட்டை இறக்க அவசரத்துக்கு ஒரு வழி உண்டு, உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஹீற்றரை முழுதாகத் திறந்துவிட்டால் சூடு வேனுக்குள் வந்துவிடும். கொழும்பு வெயிலில் ஹீற்றர்! கண்ணாடிகளைத் திறந்துவிட்டு, “கொஞ்ச நேரம்தான் செல்லங்கள்” என்று கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன்.

முள் இறங்கியது. பிள்ளைகளும் இறங்கினார்கள், உடம்பு முழுக்க வியர்வையாக. வாசலில் நின்ற ரீச்சர் வானத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். அங்கே மழை பெய்ததா என்று கேட்டார். இரண்டாம் வகுப்பு அபினாஷ்தான் முந்திக்கொண்டான். “இல்ல ரீச்சர், எங்கட எஞ்சினுக்குக் காய்ச்சல், நாங்க எல்லாரும் பங்கு போட்டனாங்கள்!”

லீவில் பார்ப்போம்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. வேனுக்கு என்ன வருத்தம் வந்தாலும் வைத்தியம் ஸ்கூல் லீவில்தான். பள்ளித் தவணை நடுவில் இரண்டு நாள் வேனை நிற்பாட்டினால் பெற்றோர் வேறு வேன் பிடித்துவிடுவார்கள், பிறகு அந்தப் பிள்ளை திரும்பி வராது. அதனால் ஒவ்வொரு நோயையும் தட்டிக்கொடுத்து, தவணை முடியும்வரை தாக்காட்டுவோம்.

பிரேக்கை மிதித்தால் கால் அடிவரை போகத் தொடங்கியது அப்படியொரு தவணை நடுவில்தான். உடனே இன்னொரு தரம் மிதித்தால் கொஞ்சம் பிடிக்கும், மூன்றாவது மிதிக்கு நிற்கும். பிரேக் சிலிண்டர் போய்விட்டது என்றார் நவ்ஷாட் நானா. பஞ்சிகாவத்தைப் பார்ட்ஸ் கடைக்காரர் என் போனில் இருந்த படத்தைப் பார்த்து, இந்த வேன் இன்னும் ஓடுகிறதா என்று சிங்களத்தில் அதிசயப்பட்டார். “மே வேன் எக தாம துவனவத நோனா?” ஆனாலும் சாமானை எடுத்துத் தரலாம் என்றார். இரண்டு நாள் வேனைக் கராஜில் விடவேண்டும் என்றார் நானா. லீவு வரட்டும் நானா, அதுவரைக்கும் மெதுவாக, தூரத்திலேயே மிதித்து ஓட்டுகிறேன் என்றேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். “லீவு புள்ளைகளுக்குத்தான் தங்கச்சி, பிரேக்குக்கு இல்ல.”

காலையில் கும்பிட்டுவிட்டுத்தான் வேனை எடுப்பேன், பின்னேரம் கடைசிப் பிள்ளை இறங்கியதும்தான் மூச்சு வரும். ஆனாலும் சில நாட்களில் கால் பழகிவிட்டது. பழகியதும் பயம் குறைந்தது.

புது ட்ரைவர்

அபினாஷ் தண்ணீர்ப் போத்தலை வேனில் விட்டுவிட்டான். சனிக்கிழமை கொடுக்கப் போனேன். வீட்டு ஹோலில் கதிரைகளை வரிசையாக வைத்து வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். கையில் சாப்பாட்டுத் தட்டு ஸ்டியரிங், காலடியில் தகப்பனின் செருப்பு பிரேக். பின் கதிரையில் தங்கச்சி.

சந்தி வந்தது போல. செருப்பை மிதித்தான். மிதித்தான். மிதித்தான். “முதல் மிதி சும்மா, ரெண்டாவதும் சும்மா, மூண்டாவதுதான் பிடிக்கும், பயப்படாத” என்று தங்கச்சிக்குச் சொன்னான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தாய் பிள்ளையைப் பார்த்துப் பூரித்துப்போய்த் தேத்தண்ணியோடு வந்தாள். “பாருங்கோ அன்ரி, அச்சொட்டா உங்களப் போலவே ஓட்டுறான்! மூண்டு தரம் மிதிச்சாத்தான் வாகனம் நிக்குமெண்டு எனக்கே இவன்தான் சொல்லித்தந்தவன்.”

ஞாயிற்றுக்கிழமை

அந்தச் சனிக்கிழமையே வேனைக் கராஜில் விட்டேன். மறுநாள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்தேன். பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது, காய்ச்சல் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் செருப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. பிரேக் சரியில்லை, திருத்தும்வரை வேன் வராது என்று சொன்னேன். ஒரு தகப்பன் ஏசினார். ஒருவர் நன்றி சொன்னார், அது ஏச்சைவிட மோசமாக இருந்தது.

அபினாஷின் தாய்க்குக் கடைசியாக எடுத்தேன். சொல்லி முடித்தேன். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் சிரிப்பது மட்டும் கேட்டது. பிறகு மிக மெதுவாகக் கேட்டாள். “எப்பவிருந்து அன்ரி?”

புதுச் சிலிண்டர் போட்டாயிற்று. அபினாஷைத் தவிர மற்றப் பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். வேன் இப்போது முதல் மிதியிலேயே நின்றுவிடுகிறது. நான்தான் இன்னும் மூன்று தரம் மிதித்துக்கொண்டிருக்கிறேன்.